தம்பிராசாவின் பாஸ்வேர்ட்

பஸ்மியாவின் வேலை என்னவென்று அவளுடைய உம்மாவுக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. யாராவது கேட்டால், "ஒபிஸில கொம்பியூட்டரப் பாத்துக்கொண்டு இருக்கிறா" என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் பஸ்மியாவுக்கு அது ரோசமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், உம்மா சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

குறிஞ்சாக்கேணியில் காலையில் பஸ் ஏறினால் கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலைக்கு வர ஒரு நித்திரை கொள்ளலாம். துறைமுக வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தால், உரமும் நிலக்கரியும் கப்பலிலிருந்து இறக்கி லொறியில் ஏற்றி அனுப்புகிற அந்தக் கம்பனியின் இரண்டு மாடிக் கட்டடம். தலைமையகம் கொழும்பில். இங்கே இருப்பது கிளை. மாடிப்படிக்குக் கீழே பூட்டுப்போட்ட இரும்பு அலுமாரி ஒன்று நிற்கும். அதற்குள் சுவிட்ச் என்று சொல்லுகிற தட்டைப் பெட்டி. அதன் முகத்தில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பெயர். கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு கொம்பியூட்டரின் கேபிளும் அதில் ஒரு துளையில் வந்து முடிகிறது. துறைமுகத்துக்குள் இருந்துகொண்டு யாராவது "என்ட போர்ட் செத்துப்போச்சு" என்று கத்தினால் புதிதாக வந்தவர்கள் கடலைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

முந்தி யாரும் எந்தக் கேபிளையும் எந்தத் துளையிலும் செருகலாம். அந்தக் காலம் பஸ்மியாவுக்குப் பிடித்த காலம். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள், மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து, கூரைத்தட்டைத் தள்ளி ஏறி, கேபிளின் எட்டு நரம்புகளையும் நிறம் பார்த்துப் பிரித்து நுனியை நசுக்கிப் பூட்டிவிட்டு, "இப்ப பாருங்க, வரும்" என்று சொல்லுவாள். வரும். அந்த ஒரு சொல்லைச் சொல்லுவதற்காகவே அவள் வேலைக்கு வந்த மாதிரி இருந்தது.

பிறகு கொழும்பில் யாருக்கோ பயம் வந்தது. வெளியாள் ஒருவன் வந்து ஒரு துளையில் செருகினால் என்ன செய்வது? அதனால் புதுச் சட்டம் வந்தது. இனி ஒவ்வொரு போர்ட்டும் தன்னிடம் வருகிற கொம்பியூட்டரிடம் "நீ யார்?" என்று கேட்கும். இருக்கிறவர் தன் பெயரையும் பாஸ்வேர்ட்டையும் கொடுக்க வேண்டும். அது கொழும்பில் உள்ள சேர்வருக்குப் போகும். அங்கே ஆம் என்றால் கதவு திறக்கும், இல்லையென்றால் மூடியே கிடக்கும். கேட்டது எத்தனை தரம், விட்டது எத்தனை தரம், மறுத்தது எத்தனை தரம், மறுத்ததற்குக் காரணம் என்ன என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு முழுவதும் ஒரு பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக வரும். அதைப் பார்த்து, பின்னேரம் ஒரு சுருக்கம் எழுதி அனுப்புவது பஸ்மியாவின் பொறுப்பு. அவளுக்குக் கொடுத்த உரிமை பார்க்கிற உரிமை மட்டும். அலுமாரியின் பூட்டைத் திறக்கிற திறப்பும் கொழும்புக்குப் போய்விட்டது. நசுக்கிப் பூட்டுகிற குறடு அவளுடைய மேசை லாச்சிக்குள் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவள் பக்கத்தைத் திறந்தபோது எல்லாம் பச்சை, நிறுவை அறை மட்டும் சிவப்பு.

நிறுவை அறை என்பது வெளியே, லொறிகள் ஏறி நின்று பாரம் பார்க்கிற மேடைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறை. அங்கே இரண்டு பேர் மாறி மாறி இருப்பார்கள். ஒருத்தி லோஜினி, போன வருடம் சேர்ந்தவள். மற்றவர் தம்பிராசா. கம்பனி இங்கே வந்த நாளிலிருந்து இருக்கிறவர், எல்லாருக்கும் ராசண்ணன். பஸ்மியா வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்ரீனில் கறி எடுக்காமல் வெறும் பருப்போடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்தான் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் இருந்து, "தங்கச்சி, கோழி முஹம்மது தம்பியின்ர கடையில எடுக்கிறது. நான் கேட்டனான். பயப்பிடாமச் சாப்பிடு" என்று சொன்னவர். கேட்டதைப் பெரிதாகச் சொல்லிக் காட்டவுமில்லை, கேட்காமல் விட்டதுமில்லை. அப்படி ஒரு ஆள்.

சிவப்பைப் பார்த்தவள், விரல் தவறி அடித்திருப்பார் என்று விட்டுவிட்டாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுத்த கணக்கு இன்னும் ஏறியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கூடியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரோ யோசித்து யோசித்து அடிக்கிற இடைவெளி அது.

ரெலிபோன் அடித்தது.

"தங்கச்சி, ராசண்ணன் கதைக்கிறன். என்ர பாஸ்வேர்ட் எனக்கு மறந்துபோச்சுது போல கிடக்கு. கொம்பியூட்டர் திறக்குது, ஆனா உள்ளுக்க விடுதில்ல. மூலையில ஒரு பெட்டி வந்து பேரக் கேக்குது, பாஸ்வேர்ட்டக் கேக்குது, திருப்பித் திருப்பிக் கேக்குது."

"பொறுங்க அண்ணன், பாக்கிறன்."

அவள் காரணம் போட்டிருக்கிற நிரலுக்குப் போனாள். பாஸ்வேர்ட் பிழை என்று இருக்கும் என்று நினைத்தாள். அப்படி இருக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரே காரணம்: கணக்கு மூடப்பட்டுள்ளது.

ஆட்கள் வேலையை விட்டுப் போன பிறகு வருகிற காரணம் அது. ராசண்ணன் அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணன், கொழும்பில கேட்டுட்டு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்தாள்.

கொழும்பில் சேர்வரைப் பார்க்கிறவன் இராகுலன். ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. ரெலிபோனில் எப்போதும் எதையோ மென்றுகொண்டு கதைப்பான். அன்றைக்கு அவள் விஷயத்தைச் சொன்னதும் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அது பிழை இல்ல அக்கா" என்றான்.

"என்ன பிழை இல்ல?"

"நிறுவை மேடைக்கு தானாப் பாரம் எடுக்கிற மெஷின் வருது. கமரா வச்சு, நம்பர் தட்டைத் தானாப் படிக்கும். அதால ஆளைக் குறைக்கினம். கடிதம் மாச முடிவிலதான் குடுக்கிறது. மனிதவளப் பிரிவில இருந்து வந்த கோப்பில திகதி மாறிப்போச்சுது, கணக்கு முந்தி மூடுப்பட்டுட்டுது."

"அப்ப திறந்து விடுங்களன். கடிதம் குடுக்கும் மட்டும்."

"நான் மூடேல்ல அக்கா. அவை அனுப்புற கோப்பைப் பாத்து சேர்வர் தானா மூடுது. திறக்கிறதெண்டா அவை திருப்பி அனுப்ப வேணும். கேட்டனான். மாச முடிவில எப்பிடியும் மூடத்தானே போறம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"அவர் அங்க இருந்து அடிச்சுக்கொண்டே இருக்கிறார். நான் அவரிட்ட என்னத்தச் சொல்ல?"

"லைன் பிழை எண்டு சொல்லுங்கோ" என்றான் இராகுலன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னன் எண்டு மட்டும் வெளிய விடாதேங்கோ அக்கா. எனக்கும் வேலை வேணும்" என்றான்.

பஸ்மியா நிறுவை அறைக்கு எடுத்து, லைன் பிழை என்று சொன்னாள். சொல்லும்போது தன்னுடைய குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ராசண்ணன் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டார். ஆனால் மத்தியானம் முறை மாற லோஜினி வந்தாள். அதே கதிரையில் இருந்து, அதே கொம்பியூட்டரில், அதே கேபிளில் தன் பெயரைப் போட்டாள். போர்ட் பச்சையானது. லைன் பிழை என்ற கதை அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு விளக்கம்தான்.

அடுத்த நாள் பஸ்மியா ஏதோ கேபிளைப் பார்க்கிற சாட்டில் நிறுவை அறைக்கு நடந்து போனாள். வெயிலில் உரத் தூள் மூக்கை எரித்தது. மேடையில் ஒரு லொறி, அதற்குப் பின்னால் வேலி வரைக்கும் லொறிகள். சாரதிகள் இறங்கி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராசண்ணன் கடதாசியில் பாரத்தை எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது உள்ளங்கையில் நீலப் பேனையால் எதுவோ எழுதி, வியர்வையில் அழிந்து, அதற்கு மேல் திரும்பவும் எழுதியிருந்தது.

"பாஸ்வேர்ட்" என்றார், அவள் பார்ப்பதைப் பார்த்து. "இதுதான் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். என்ர மகளின்ர பேரும் பிறந்த வருசமும். அதை ஆராவது மறப்பினமோ? ஆனா அது இல்லை எண்டு சொல்லுதே. அப்ப என்ர தலையிலதானே ஏதோ பிழை."

"அப்பிடி இல்ல அண்ணன்."

"நீ சின்னப்பிள்ளை, உனக்குத் தெரியாது. என்ர அம்மாவுக்கு இப்பிடித்தான் தொடங்கினது. முதல்ல திறப்பை வச்ச இடம். பிறகு கேற்றுக்கு வெளிய நிண்டு எங்கட வீடு எது எண்டு கேட்டவ. கடைசியில என்னப் பாத்து, தம்பி நீங்கள் ஆற்ற மகன் எண்டு கேட்டவ." அவர் சிரிக்கப் பார்த்தார். "ராத்திரி படுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில என்னோட படிச்ச பெடியள் எல்லாற்ற பேரையும் ஒவ்வொண்டாச் சொல்லிப் பாத்தனான். எல்லாம் வருது. இது மட்டும் வரேல்ல."

வெளியே ஒரு சாரதி ஹோர்னை அமத்திப் பிடித்தான். ராசண்ணன் எழும்பிப் போனார். பஸ்மியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வசனம் போதும். அதைச் சொன்னால் அவருடைய வேலை போன செய்தியை அவள் வாயால் சொன்னதாகும். சொல்லாவிட்டால் அவர் தன் மூளை அழுகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இரண்டில் எது பெரிய கொடுமை என்று நிறுத்துப் பார்க்க அவளிடம் ஒரு மேடையும் இருக்கவில்லை.

அவள் கிளை முகாமையாளர் பக்கீர் சேரிடம் போனாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கே வெள்ளிக்கிழமதான் சொன்னாங்க" என்றார். "அவரோட நான் எத்தின வருசமா ஒண்டா இரிக்கன் எண்டு உங்களுக்குத் தெரியுமா? ஆனா கடிதம் வர முதல் நான் வாயத் திறந்தா, அது என்ட கையால குடுத்தது மாதிரி. சட்டம் கிட்டம் எண்டு வரும். நீங்களும் ஒண்டும் சொல்லாதீங்க, மகள்."

"அவர் மறதி நோய் வந்திட்டு எண்டு நினைக்கிறார் சேர்."

பக்கீர் சேர் மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், போடாமல் திரும்ப வைத்தார். "அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும்" என்றார்.

வீட்டில் கணவன் ஜவ்பரிடம் சொன்னாள். அவன் களப்பில் மீன் பிடிக்கிறவன். வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"சொன்னா உன்னையும் அனுப்பிடுவானுகளா?"

"அனுப்பலாம்."

"சொல்லாட்டி?"

"அதான் ஏலாமக் கிடக்கு."

ஜவ்பர் பாசியை உதறினான். "எனக்கு ஒபிஸ் கதை தெரியா பஸ்மி. ஆனா அந்த மனிசன் நம்மட மகள் ஜுமானா பிறந்த நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவரு. நீ என்ன செஞ்சாலும் நான் ஒண்டும் சொல்ல மாட்டன்." நல்ல மனிதன்தான். ஆனாலும் அந்தப் பாரத்தை அவன் அவளுடைய பக்கத்துக்கே திருப்பித் தள்ளிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமையும் மறுத்த கணக்கு ஏறியது. ஒருவருடைய விரல்கள் அங்கே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமர்த்துவதை அவள் இங்கே இருந்து எண்ணாகப் பார்த்தாள். சில நேரம் நீண்ட நேரத்துக்கு ஒன்றும் வராது. விட்டுவிட்டார் என்று நிம்மதியாகும். அப்போது ஒன்று வந்து விழும். பின்னேரச் சுருக்கத்தில் அவள் வழக்கம்போல எழுதினாள்: நிறுவை அறை, திரும்பத் திரும்ப மறுப்பு, தலைமையகத்துக்குத் தெரியும்.

வியாழன் காலையில் ராசண்ணன் நேரத்துக்கு வேலைக்கு வரவில்லை. வந்தது அவருடைய மனைவி அன்னலட்சுமியின் ரெலிபோன்.

"பிள்ளை, இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ நான் எடுத்தனான் எண்டு. ஒபிசில ஏதும் நடந்ததோ? மூண்டு நாளா ஆள் ஆளாயில்ல. மோட்டச்சைக்கிள் திறப்பைக் கொண்டுவந்து என்ர கையில தந்திட்டார். இனி ஓட மாட்டாராம், வழி மறந்து ஆரையும் அடிச்சுப்போடுவாராம். குசினிக்குள்ள வந்து அடுப்பு நிப்பாட்டிக் கிடக்கோ எண்டு பாக்கிறார், போறார், திருப்பி வந்து பாக்கிறார். மட்டக்களப்பில மூளைக்குப் பாக்கிற பெரிய டொக்டர் ஒராள் இருக்கிறாராம். அங்க போக நம்பர் எடுத்திருக்கிறம்."

பஸ்மியா கேட்டாள்: "அக்கா, அண்ணன் பக்கத்தில நிக்கிறாரா?"

"வேலைக்கு வெளிக்கிட்டிட்டார். பஸ்ஸில. அதாலதான் பிந்துது."

ரெலிபோனை வைத்ததும் அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் போக மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். படியிறங்கி, வாசல் வரைக்கும் நடந்தாள். வாசலுக்கு வெளியே நிழலில், ஊருக்குள் திரிகிற மான்கள் மூன்று நான்கு படுத்துக் கிடந்தன. ஒன்று பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டிருந்தது. ராசண்ணன் பஸ்ஸால் இறங்கி, தெருவை இரண்டு பக்கமும் இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கடந்து வந்தார். முந்தியெல்லாம் எதையும் பொருட்படுத்தாமல் லொறிகளுக்கு நடுவில் நடந்து திரிந்த மனிதர்.

அவரைக் கன்ரீனின் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கம்பி வேலிக்கு அப்பால் கடல் கிடந்தது.

"அண்ணன், உங்களுக்கு மறதி இல்ல."

அவர் ஆறுதல் கேட்கிற முகத்தோடு தலையாட்டினார். எல்லாரும் சொல்லுகிற கதைதான் என்ற மாதிரி.

"இல்ல, கேளுங்க. நீங்க அடிச்ச ஒவ்வொரு தரமும் சேர்வர் ஏன் மறுத்தது எண்டு என்ட பக்கத்தில காரணம் வரும். பாஸ்வேர்ட் பிழை எண்டு ஒரு தரமும் வரல்ல. உங்கட கணக்கையே மூடிட்டாங்க. கொழும்பில. நிறுவைக்கு மெஷின் வருதாம். ஆளக் குறைக்காங்க. கடிதம் மாச முடிவில வரும். கணக்கு முந்தி மூடுப்பட்டுப் போச்சு."

ராசண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "திருப்பிச் சொல்லு" என்றார். அவள் திருப்பிச் சொன்னாள்.

"அப்ப பாஸ்வேர்ட் சரி?"

"பிழை எண்டு வரவே இல்ல அண்ணன்."

"நான் மறக்கேல்ல?"

"மறக்கல்ல."

அவர் கன்ரீன் சுவரில் சாய்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பஸ்மியாவுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு அவளுக்கும் கண் நிறைந்தது. "கடவுளே, என்ர கடவுளே" என்றார். "நான் என்ர மகளின்ர பேரை மறந்திட்டன் எண்டெல்லோ நினைச்சன். அன்னத்துக்குச் சொல்ல வேணும். இப்பவே சொல்ல வேணும்." சட்டைப்பையில் ரெலிபோனைத் தேடினார். எடுத்தார். எண்ணை அமத்தப் போன விரல் அப்படியே நின்றது. அன்னத்துக்கு என்ன சொல்வது என்பதில் மற்றப் பாதி அப்போதுதான் அவருக்கு வந்து சேர்ந்தது.

ரெலிபோனைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

பஸ்மியா கம்பி வேலிப் பக்கம் திரும்பினாள்.

"திங்கட்கிழமை நான் எடுத்தன். அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"அண்டைக்கு நீ கேபிள் பாக்க வந்தனி. நான் என்ர அம்மாவின்ர கதையெல்லாம் சொன்னன். அப்பவும் தெரியும்."

"சொல்லக் கூடாதெண்டு சொன்னாங்க அண்ணன். எனக்கு..."

"நான் அடிக்கிறது உனக்குத் தெரிஞ்சதோ? ஒவ்வொரு தரமும்?"

"எண்ணா வரும்."

"அப்ப பாத்துக்கொண்டிருந்தனி" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு அழ ஒரு இடம் கிடைத்திருக்கும். "நான் அங்க கிடந்து சாகிறன், நீ இஞ்ச இருந்து பாத்துக்கொண்டிருந்தனி."

அவர் திரும்பி நடந்தார். நிறுவை அறைக்கல்ல, மாடிக்கு, பக்கீர் சேரின் அறைக்கு. அங்கே போட்ட சத்தம் கீழே கணக்குப் பிரிவு வரைக்கும் கேட்டது. யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை என்றுதான் பிறகு பக்கீர் சேர் சொன்னார். சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. காரணத்தைப் பார்க்கக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான்.

கடிதம் மாச முடிவு வரைக்கும் காத்திருக்கவில்லை, அடுத்த கிழமையே வந்தது. ராசண்ணன் தன் குடையையும் தேத்தண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, சாரதிகள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனார். லோஜினி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். மாடிப்படிப் பக்கம் வரவில்லை. பஸ்மியா யன்னலால் பார்த்தாள். பிறகு யன்னலால் பார்ப்பதும் அதே வேலைதான் என்று பட்டு, கதிரையில் வந்து இருந்தாள்.

அவளுக்குக் கொழும்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. வேலையை எடுக்கவில்லை. எடுத்தது வேறொன்று. ஒரு காலை பக்கத்தைத் திறந்தால் காரணம் போடுகிற நிரலைக் காணவில்லை. இராகுலனுக்கு எடுத்துக் கேட்டாள்.

"உங்கட மட்டத்துக்கு அது தேவையில்லையாம் அக்கா" என்றான். "எண்ணிக்கை மட்டும் போதுமாம்." அவன் அதற்காக வருந்துகிறான் என்பது குரலில் தெரிந்தது. வருந்திவிட்டு மெல்லத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு எங்கேயாவது சிவப்பு வந்தால், அது விரல் தவறியதா, பாஸ்வேர்ட் காலாவதியானதா, அல்லது கொழும்பில் யாரோ ஒருவருடைய பெயர் ஒரு கோப்பில் ஏறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. ரெலிபோன் அடிக்கும். "அக்கா, என்னை உள்ளுக்க விடுதில்ல, என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ." அவள் பார்ப்பாள். மறுத்தது இத்தனை தரம் என்று இருக்கும். "எனக்குத் தெரியேல்ல" என்பாள். அது உண்மை. ஆனால் ராசண்ணனின் கதை கட்டடம் முழுக்கப் பரவியிருந்ததால் யாரும் அதை நம்பவில்லை. "தெரிஞ்சா சொல்லுங்கோ அக்கா, பயப்பிட மாட்டன்" என்று கணக்குப் பிரிவில் ஒரு பெண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவளுக்கு வெறும் விரல் தவறல்தான். அது தெரிய ஒரு முழு நாள் எடுத்தது.

மெஷின் மழை தொடங்க முதல் வந்தது. நிறுவை மேடைக்குப் பக்கத்தில் ஒரு தூண் நட்டு, அதில் கமராவைப் பூட்டினார்கள். லோஜினியை மாடிக்கு மாற்றினார்கள். முதல் நாளே போர்ட் கமராவிடம் நீ யார் என்று கேட்டது. கமராவுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிவப்பு. லொறிகள் வாசலைத் தாண்டி வீதி வரைக்கும் நின்றன. கொழும்பிலிருந்து அடுத்தடுத்து ரெலிபோன்: இராகுலன், அவனுக்கு மேலே உள்ளவர், அவருக்கும் மேலே உள்ளவர். மனிதவளப் பிரிவோ கோப்போ ஒன்றும் தேவைப்படவில்லை. பஸ்மியா ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்க முதல் அந்தப் போர்ட் பச்சையாகிவிட்டது.

ராசண்ணன் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சாமான் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார் என்று ஜவ்பர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னான். மீன் கொடுக்கப் போன இடத்தில் கண்டிருக்கிறான். நல்லாகக் கதைத்தாராம். ஜுமானா எத்தனையாம் வகுப்பு என்று கேட்டாராம். "உன்னப் பத்திக் கேக்கல்ல" என்றான் ஜவ்பர், அவள் கேட்பதற்கு முதலே.

ஒரு நாள் நகரத்து பஸ் நிலையத்தில் பஸ்மியா பஸ் ஏறியபோது உள்ளே அன்னலட்சுமி இருந்தாள். மடியில் சந்தைப் பை. ஒதுங்கி இடம் கொடுத்தாள்.

"எப்பிடி அக்கா, அண்ணன்?"

"சுகம் பிள்ளை. சரியான சுகம். மறதி கிறதி ஒண்டும் இல்ல. அந்த ஹோட்டலில எந்த அரிசி மூட்டை எப்ப வந்தது எண்டு கேட்டா உடன சொல்லுவார். மட்டக்களப்புக்குப் போகவே இல்லை." பையில் வழிந்த கீரையை உள்ளே தள்ளினாள். "உங்களில கோவம் இல்லைப் பிள்ளை. நான் கேட்டனான். கோவம் இல்லையாம். ஆனா உங்களக் கண்டா அந்த மூண்டு நாள் திரும்ப வருதாம். அதாலதான்."

"நான் வந்து ஒரு தரம் கதைக்கட்டா அக்கா? வீட்டுக்கு?"

அன்னலட்சுமி வெளியே பார்த்தாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நடத்துநர் "கிண்ணியா, கிண்ணியா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இப்ப வேண்டாம்" என்றாள். "பாவம், நல்லாச் சாப்பிட்டு நல்லா நித்திரை கொள்ளுறார்." பஸ்மியாவின் கையை ஒரு தரம் தட்டினாள். சீனன்குடாவில் அவளுடைய தங்கச்சி வீடு. அங்கே இறங்கும்போது, "மழை வரப்போகுது, யன்னலைச் சாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பஸ்மியா யன்னலை இழுத்தாள். அது இறுகிக் கிடந்தது, அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தூறல் விழுகிற பக்கமே இருந்தாள்.